அழுது முடித்தால் திறக்கும் கதவு

மகனுக்கு,

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி உன் கையில் மட்டும் கொடுத்திருக்கலாம். அதுதான் நம் வீட்டு வழக்கம். நம் வீட்டில் எது நடந்தாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. அதில் எனக்கு முப்பது வருடப் பெருமை இருந்தது. கேட்காத காரணத்தாலேயே அது நடக்க முடிந்தது என்பதை ஐம்பத்தெட்டாம் வயதில் தெரிந்துகொண்டேன். மூடிய கதவுக்குப் பின்னால் நடந்ததை மூடிய உறைக்குள் வைத்து அனுப்ப எனக்கு மனமில்லை. ஆகவே எல்லோரும் படிக்கும் இடத்தில் வைக்கிறேன். பெயர்கள் எதையும் எழுதவில்லை. உன் மகளை வீட்டில் அழைப்பதுபோல் பாப்பா என்றே எழுதுகிறேன். உன் மனைவி இதை வரி வரியாகப் படித்துச் சம்மதித்த பிறகே இது வெளியே போகிறது. இன்னொன்றும் கவனித்திருப்பாய். நீ பிறந்த நாள் முதல் உன்னை ‘வாங்க கண்ணு, போங்க சாமி’ என்றுதான் அழைத்திருக்கிறேன். இன்று ‘நீ’ என்று எழுதுகிறேன். அந்த மரியாதையை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

அடுத்த வாரம் நீ வேலை மாற்றலாகிப் புனேக்குக் குடும்பத்தோடு போவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை காலை உன்னிடமிருந்து ஒரு செய்தி வந்தது. “அப்பா, இந்த வாரத்துல இருந்து பாப்பாவுக்கு அந்த விளையாட்டு கிளாஸ் வேண்டாமுங்க. அங்க போக ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் சத்தம் போடப் பழகியிருக்கா. புனேல நல்ல ஸ்கூல் பாத்தாச்சுங்க. எல்லாம் சரியாயிருமுங்க.” மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாத செய்தி. அதை இரண்டு முறை படித்தேன். எனக்குக் கோபம் வந்தால் முகம் சிவக்காது, குரல் உயராது. இது உனக்குத் தெரியும். திங்கட்கிழமையிலிருந்து அந்தக் கோபத்தோடுதான் சாப்பிடுகிறேன், கல்லூரிக்குப் போய்ப் பாடம் நடத்துகிறேன். அதில் பாதி உன்மேல். மீதிப் பாதி யார்மேல் என்பதை மறைக்காமல் எழுதுவதற்கே இவ்வளவு நீளமான கடிதம்.

பாப்பாவின் மணிக்கட்டு முறிந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். பெரியநாயக்கன்பாளையத்தில் நம் வீட்டு மாடிப்படியில் இருந்து, நான்காவது படியிலிருந்தோ ஐந்தாவது படியிலிருந்தோ, அவள் விழுந்தாள். சத்தம் கேட்டு நான் போனபோது எழுந்து நின்று பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். “அடி பட்டுச்சா கண்ணு?” என்றேன். “முடிஞ்சதுங்க தாத்தா” என்றாள். அன்று மாலை முழுவதும் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு வலது கையால் சாப்பிட்டாள், படம் வரைந்தாள், தூங்கினாள். மறுநாள் காலை கை பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்த எலும்பு மருத்துவர் அவளை வெகுநேரம் பார்த்தார். “வலிச்சுதா பாப்பா?” என்று கேட்டதற்கு அவரிடமும் “முடிஞ்சதுங்க” என்றுதான் சொன்னாள். அறையில் இருந்த நர்ஸ், “எத்தன சமத்துப் பொண்ணு!” என்று கன்னத்தைக் கிள்ளினார். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். மருத்துவர் மட்டும் சிரிக்கவில்லை. “எலும்பு ஆறு வாரத்துல கூடிருமுங்க. ஆறு வயசுக் குழந்தை ராத்திரி பூரா ஒடைஞ்ச கையோட அழுகாம கெடந்திருக்கு பாருங்க, அதை யாருகிட்டயாச்சும் காட்டுங்க” என்றார். அவர்தான் சரவணம்பட்டியில் விளையாட்டு வழியாகக் குழந்தைகளுக்கு மனநலச் சிகிச்சை தரும் ஒரு பெண்ணின் முகவரியை எழுதிக் கொடுத்தார்.

‘முடிஞ்சதுங்க’ என்ற அந்தச் சொல்லை நான் எங்கே கேட்டிருக்கிறேன் என்று அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. என் காதுக்கு அது நல்ல பழக்கமாகவே கேட்டது. தம்ளரைக் கீழே போட்டாலும், பள்ளிக்கூட வண்டி வர நேரமானாலும், யாரும் ஒன்றும் சொல்வதற்கு முன்பே அவள் அதைச் சொல்லிவிடுவாள். இவ்வளவு சிறிய குழந்தை ஏன் எப்போதும் எதையோ முடித்துக்கொண்டே இருக்கிறது என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இது என் முதல் வாக்குமூலம்.

அந்த இடம் உனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. ஒரு வீட்டின் மாடியில் ஓர் அறை, தரையில் பாய், மணல் நிரப்பிய மரத்தட்டு, பொம்மைகள், பிளாஸ்டிக் மிருகங்கள், பொம்மை ஸ்டெதஸ்கோப், குத்துவதற்கு ஒரு தலையணை. “பொம்மை வெச்சு விளையாடறதுக்கு ஒரு டிகிரி, அதுக்கு ஒரு அப்பாயிண்ட்மெண்டுங்களா?” என்று நீ கேட்டாய். உன் மனைவிக்கும் உனக்கும் அலுவலக நேரம் ஒத்துவராததால் வியாழக்கிழமைதோறும் நான்தான் அழைத்துப் போனேன். உன் கேலியில் எனக்கும் பங்கு இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். முதல் நான்கு வாரம் பாப்பா அங்கே விளையாடவே இல்லை. பொம்மைகளைத் துடைத்து வரிசையாக அடுக்கிவைத்துவிட்டு, “முடிஞ்சதுங்க” என்று சொல்லிச் செருப்பைப் போட்டுக்கொள்வாள். “மேடம், இதுக்கா இத்தன தூரம் கூட்டியாரோம்?” என்றேன் அந்தப் பெண்ணிடம். உன் வயதுதான் இருக்கும் அவருக்கு. மதுக்கரையிலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர். “அவ இன்னும் அனுமதி கேட்டுட்டு இருக்கா சார். இந்த ரூம்ல எது செஞ்சா கதவு சாத்துவாங்கன்னு பாக்கறா” என்றார். கதவைப் பற்றி அவர் ஏன் சொன்னார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. “பெரியவங்க மனசுல இருக்கறதப் பேசித் தீத்துக்குவாங்க. இவங்களுக்கு அந்தப் பேச்சு இன்னும் வரல. நடந்ததைத் திருப்பி நடத்திப் பாப்பாங்க. இந்த வாட்டி அவங்க சொல்றபடி நடக்கும், அதுதான் மருந்து. அதனால திரும்பிப் போறப்ப கார்ல ‘என்ன விளையாண்டே’ன்னு மட்டும் கேக்காதீங்க” என்றும் சொன்னார். நான் கேட்கவில்லை. நீ வீட்டில் தினமும் கேட்டாய் என்பது பிறகு தெரிந்தது.

ஐந்தாவது வாரம் அவள் ஒரு யானையை மணலில் புதைத்தாள். ஆறாவது வாரம் தலையணையைக் குத்தினாள். ஏழாவது வாரம் கீழே காரில் உட்கார்ந்திருந்த எனக்கே அவள் கத்துவது கேட்டது. எட்டாவது வாரம் அந்தப் பெண் கீழே இறங்கி வந்து, “பாப்பா உங்களை உள்ள கூப்பிடறா சார். வரீங்களா? அவ என்ன வேஷம் குடுக்கறாளோ அதை ஏத்துக்கோங்க. திருத்தாதீங்க, சொல்லிக் குடுக்காதீங்க” என்றார்.

அறையின் நடுவில் ஒரு தாழ்ந்த மேசை இருந்தது. அதன்மேல் கம்பளியைப் போட்டு நான்கு பக்கமும் தொங்கவிட்டிருந்தாள். எனக்குப் பாப்பா வேஷம். அவளுக்கு அப்பா வேஷம். முழங்காலில் தவழ்ந்து மேசைக்கு அடியில் போனேன். கம்பளியை இழுத்து மூடினாள். ஓர் ஓரத்து இடைவெளி வழியாக அவளைப் பார்த்தேன். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, ஒரு மரக்கட்டையைக் கைப்பேசி மாதிரி பிடித்துக் கட்டை விரலால் தள்ளிக்கொண்டே, துளியும் குரல் உயர்த்தாமல் சொன்னாள்: “உள்ள உக்காருங்க கண்ணு. யாரும் அடிக்க மாட்டாங்க. அழுது முடிச்சுப் போட்டு, முடிஞ்சதுங்கன்னு சொல்லுங்க. அப்பா தொறக்கறேன்.”

“கம்பளி மூடியாச்சு. உள்ள ஒருத்தர் இருக்காரு. வெளிய ஒருத்தர் காத்துட்டு இருக்காரு” என்றார் அந்தப் பெண். அவர் அங்கே எதையும் கேட்க மாட்டார். பார்த்ததை மட்டும் சொல்வார். கொஞ்ச நேரம் கழித்து, விளையாட்டுதானே என்று, “முடிஞ்சதுங்க” என்றேன். கட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் பாப்பா சொன்னாள்: “குரல் இன்னும் நடுங்குதுங்களே. நல்லா முடிச்சுப் போட்டுச் சொல்லுங்க.”

அந்த வாக்கியம் உன்னுடையதல்ல. அது என்னுடையது. அதை உண்டாக்கியவன் நான். இருபத்தாறு வருடங்களுக்கு முன், அரிசி டிரம்மும் தேங்காய்களும் கிடந்த நம் ஸ்டோர் ரூம் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே இருந்த ஆறு வயது உனக்கு நான் சொன்ன வாக்கியம். என் மகனின் வாய்க்குப் போய், அங்கிருந்து அவன் மகளின் வாய்க்கு வந்து, ஒரு சொல்கூடச் சிதையாமல் என்னிடமே திரும்பியது. நேரம் முடிந்தது என்று அந்தப் பெண் சொன்ன பிறகும் பாப்பா கம்பளியைத் தூக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றாள். அந்தப் பெண்தான் தூக்கினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்தார். வாசலிலிருந்து பாப்பா சொன்னாள்: “அடுத்த வாட்டி நெசமான அப்பாவ உள்ள வெக்கோணும்.”

அந்த ஸ்டோர் ரூமைப் பற்றி நாம் இருவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது பேசுகிறேன். உன் தாத்தா பண்ணையில் கூலி வேலை செய்தவர். பண்ணையாரின் பத்து வயதுப் பையன் ஒருவன் வரப்பில் நின்று அவரை ‘டேய்’ என்று கூப்பிட்டதையும், அவர் தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியதையும் நான் பார்த்திருக்கிறேன். இயற்பியலில் முதுகலை முடித்துக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு முடிவு எடுத்தேன். என் வீட்டில் யாரும் யாரையும் மரியாதை இல்லாமல் அழைக்கக் கூடாது, குரல் உயரக் கூடாது, கை ஓங்கக் கூடாது. முடிவு நல்லதுதான். குழந்தை என்றால் அழும் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. ஒருநாள் நீ பொருட்காட்சிக்குப் போக வேண்டும் என்று வாசலில் புரண்டு அழுதாய். காம்பவுண்டுச் சுவருக்கு மேலே இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. ‘இவங்க எத்தன படிச்சாலும் இப்பிடித்தான்’ என்று அந்தக் கண்கள் சொல்வதாக எனக்குத் தோன்றியது. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான். உன் கையைப் பிடித்து, “வாங்க கண்ணு” என்று மெதுவாக உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினேன். அடிக்கவில்லை. திட்டவில்லை. அடித்தவர்களையும் திட்டியவர்களையும் விட நான் ஒரு படி மேல் என்று நம்பிக்கொண்டு வெளியே நின்றேன்.

அது எத்தனை முறை நடந்தது என்று எனக்கு நினைவில்லை. உன் அம்மாவுக்கு நினைவிருக்கிறது, சொல்ல மறுக்கிறாள். அவள் மொச்சைக் கூடையை எடுத்துக்கொண்டு அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிடுவாள். உரித்துக்கொண்டே வளையலைக் கதவில் படும்படி அசைப்பாள், வெளியே ஆள் இருப்பது உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. “ஏனுங்க, போதுமுங்க. கொழந்த பயந்துக்குவானுங்க” என்பாள். “பயந்தாத்தானுங்க பழகுவான்” என்பேன் நான். நீயும் பழகினாய். ‘சார் பையன் இருக்கற எடமே தெரியாதுங்க’ என்று தெருவே சொன்னது. அந்தப் பாராட்டை நான் பதக்கம்போல் அணிந்துகொண்டு திரிந்தேன். உன் தாத்தாவை அழைத்த அந்த ‘டேய்’யில்கூட வெயில் இருந்தது, வெளி இருந்தது, ஓடிப்போய்த் தப்பிக்க வழி இருந்தது. நான் உனக்குக் கொடுத்த மரியாதையில் இருட்டைத் தவிர ஒன்றும் இல்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இதை ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறேன்; நீண்டால் அது உனக்குச் சாக்காக மாறிவிடும். நீ பட்டது உண்மை. பட்டது எப்படி இருக்கும் என்று தெரிந்தே நீ அதை இன்னொருத்திக்குச் செய்தாய் என்பதும் உண்மை.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீ உன் மனைவியிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறாய். அவள் அன்றும் அலுவலகத்தில் இருந்தாள். ஆகவே நான் பார்த்ததை எழுதுகிறேன். தேவாலயத்தில் ஆராதனை முடிந்து வந்து கோழிக்குழம்போடு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பாப்பா மோர்த் தம்ளரைத் தட்டிவிட்டாள். என் வேட்டி முழுக்க மோர். வழக்கமான அந்தச் சொல் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. உதடு பிதுங்கியது, வாய் திறந்தது, வீடே அதிர அழுதாள். “அடடே, மோருக்கா இத்தன அழுகை? தாத்தன் வேட்டி குளிச்சுப் போச்சு, அத்தனதானுங் கண்ணு” என்று உன் அம்மா சிரித்தாள். ஒரு வருடத்துக்கு மேலாக அந்தக் குழந்தை அழுது நாங்கள் யாரும் கேட்டதில்லை. எனக்கு அது நல்ல செய்தியாக இருந்தது. அப்போது நீ எழுந்தாய். கையைக் கழுவினாய். துண்டில் துடைத்தாய். புன்னகையோடு வந்து அவள் கையைப் பிடித்து, “வாங்க கண்ணு, உள்ள போலாம்” என்றாய். அவள் நாற்காலிக் காலைக் கட்டிக்கொண்டு கத்தினாள்: “இன்னும் முடியல! இன்னும் முடியலீங்!”

நான் என்ன செய்தேன்? சோற்றில் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். எட்டாவது வாரமே எல்லாம் தெரிந்தவன், மூன்று நாட்களாக எப்படிச் சொல்வது என்று நாகரிகமான வாக்கியங்களைத் தேடிக்கொண்டிருந்தவன், அந்த நிமிடத்திலும் அசையவில்லை. உன் அம்மாதான் போய் உள்ளறை வாசலை மறித்து நின்றாள். “உட்டுப்போடு சாமி. அவ கைய உட்டுப்போடு.” நீ சிரிப்பு மாறாமல், “நான் ஒண்ணும் அடிக்கலீங்களே அம்மா” என்றாய். “உங்கொப்பனும் அடிக்கல” என்றாள் உன் அம்மா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

மறுநாள் காலை உன் செய்தி. சத்தம் போடப் பழகிவிட்டாளாம். அந்த அறையில் ஒரு குழந்தை மறுபடி அழக் கற்றுக்கொண்டிருக்கிறது. அதை நோய் என்று நினைத்து நீ மருந்தை நிறுத்துகிறாய். புனேயில் நீ பார்த்திருக்கும் வீடு பதினோராவது மாடி என்கிறாய். அங்கே அவள் மொழி பேசும் ஆள் நீங்கள் இருவர் மட்டுமே. உன் மனைவி வேலையிலிருந்து வர இரவாகும். கதவுக்கு வெளியே யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அடுத்த முறை அவள் எதை முடித்துக்கொள்வாள் என்று யோசித்துப் பார்த்தேன். யோசிப்பதை நிறுத்த முடியாமல் உன் மனைவியைக் கூப்பிட்டு, மேசைக்கு அடியில் கேட்டதையும் ஸ்டோர் ரூமையும் சொன்னேன். “அவரு அடிக்கவே மாட்டாரு மாமா, பேசித்தான் புரிய வெப்பாருன்னு ஊரு பூரா பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சனே” என்றாள். நீங்கள் குடியிருக்கும் வீட்டுக் குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கம் ஏன் ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது என்று அவள் கேட்டபோது, பல்லிக்காக என்று நீ சொன்னாயாம்.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். பாப்பாவும் அவள் அம்மாவும் இப்போது எங்களோடு இருக்கிறார்கள்; புனேக்கு வரவில்லை. பெற்றவன் உரிமை என்று வாசலுக்கு வந்து மெதுவான குரலில் பேசாதே. அந்தக் குரலின் விலை என்ன என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சரவணம்பட்டிப் பெண் தனக்குத் தெரியவந்ததைக் குழந்தைகள் நலக் குழுவுக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிட்டார். அது அவர் கடமை என்று முன்கூட்டியே என்னிடம் சொன்னார், நான் தடுக்கவில்லை. யாராவது வந்து விசாரித்தால் முதலில் என்னைப் பற்றிச் சொல்வேன், பிறகு உன்னைப் பற்றி. கல்லூரியில் என் பெயர் என்ன ஆகும் என்று நீ என்னைப் பயமுறுத்தலாம். அந்தப் பெயருக்காகத்தான் உன்னை உள்ளே வைத்தேன். இரண்டாவது முறை அதே தவறைச் செய்ய மாட்டேன்.

ஆனால் பாப்பா உன்னைக் கேட்டிருக்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம் ஒரு புகார் மனுவாக முடியவில்லை. அவள் சொன்னதை அந்தப் பெண்ணிடம் நினைவுபடுத்தினேன். “நான் அவசரப்படுத்த மாட்டேன் சார். அவரு மொதல்ல எங்கிட்டத் தனியா வந்து பேசட்டும். சரிப்படும்னு எனக்குத் தோணுச்சுன்னா மட்டும் உள்ள விடுவேன். நிறுத்துன்னு பாப்பா சொன்னா அந்த நிமிஷமே நிறுத்திருவோம்” என்றார். அடுத்த வார வியாழக்கிழமை மூன்று மணிக்கு உனக்காக ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார். விமானச் சீட்டைத் தள்ளிப்போடு. போய் ஸ்டோர் ரூமில் என்ன இருந்தது என்று அவரிடம் சொல்; அரிசியின் வாசனையிலிருந்து ஆரம்பி. நீ அழுதால் அங்கே யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

அதற்குப் பிறகு, அவர் சம்மதித்தால், நான்கு மணிக்கு உன் மகள் அந்தக் கம்பளியைத் தூக்கி உன்னை உள்ளே போகச் சொல்வாள். போ. அவளைத் திருத்தாதே, சிரிக்காதே, கைப்பேசியை வெளியே வைத்துவிடு. அந்த மேசைக்கு அடியில் ஆள் மடங்கித்தான் உட்கார வேண்டும், காற்று குறைவு, வெளியே இருப்பவரின் கால் மட்டும்தான் தெரியும். முடிந்தது என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதே. எப்போது திறப்பது என்பதை அவள் தீர்மானிக்கட்டும். எனக்கு அவள் திறக்கவில்லை.

அப்பா